நீல வண்டியின் நம்பர்

"சாவு ஊர்வலத்துக்குக்கூட மரியாதை இல்லாத நாடா ஆயிடுச்சு இது. இந்த வாரம் வண்டி நம்பரோடயே போடப்போறேன் பாரு."

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஜெபம் முடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெண்டெல் லூடர்ஸ் மட்டும் சாண்ட்விச்சைத் தொடவில்லை. கையில் நாலு பக்கக் கட்டுரை.

வெண்டெல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் அந்தச் சிறிய ஊருக்கு முப்பது வருடம் தபால் கொடுத்தவர். ஓய்வு பெற்றதிலிருந்து உள்ளூர் வாரப் பத்திரிகையில் எழுதுகிறார். இப்போதெல்லாம் யாரும் பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. தேர்தல் வந்தால் பக்கத்து வீட்டுக்காரனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். டிவியில் பெரிய மனிதர்களே வாடா போடா என்கிறார்கள். வாராவாரம் இதுதான். சொல்வதில் பொய் இல்லாததால் ஊரே படிக்கும்.

அன்று அடக்கம் நடந்தது அவருடைய பள்ளித் தோழர் மைலோவின் அக்காவுக்கு. தொண்ணூற்றொரு வயது. நிறைவாய் வாழ்ந்து போனவள் என்பதால் கீழ்த்தளத்தில் அழுகையைவிடச் சிரிப்புச் சத்தம்தான் அதிகம்.

காலையில் சவ ஊர்தி முன்னால் போக, பின்னால் பதினாலு கார்கள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போயின. எதிரே வந்த வண்டிகள் ஓரங்கட்டி நின்றன. அந்த ஊரில் குடித்துவிட்டு ஓட்டுகிறவன்கூட சாவு ஊர்வலத்தை முந்தமாட்டான்.

ஆனால் ஒரு நீல பிக்கப் வண்டி, பனியை வாரி இறைத்துக்கொண்டு மொத்த வரிசையையும் தாண்டிப் பறந்தது. அதன் பின்பக்கம் வெண்டெலுக்குப் பிடிக்காத கட்சியின் ஸ்டிக்கர்.

"அதைப் பாத்ததுமே எப்பேர்ப்பட்ட ஆளுன்னு புரிஞ்சுபோச்சு," என்றார் மைலோவிடம். "நான் விடலையே. ஒரு எழுத்து விடாம நம்பரைக் குறிச்சுட்டேன்."

முன்னாள் தபால்காரருக்கு யார் வண்டி என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமா? ஆற்றங்கரைத் தெரு டார்லாவுடையது. தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை பள்ளிக் குழு கூடி முடிவு செய்கிறது. அதற்கு முன்பே, வியாழக்கிழமை இது அச்சில் வந்தால் அந்த வேலையை அவள் மறந்துவிட வேண்டியதுதான்.

"இவளா நம்ம பேரப்பிள்ளைங்களை பஸ்ஸுல கூட்டிட்டுப் போறது?" என்றார் வெண்டெல். நாலு மணிக்குள் கட்டுரையைக் கொடுக்க வேண்டும், அதற்கு முன் நீயும் கேட்டுவிடு என்று முழுவதையும் மைலோவுக்குப் படித்துக் காட்டினார்.

மைலோ சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா எழுதியிருக்கே. ஆமா, கல்லறையில உன்னைக் காணோமே?"

"கோபம் ஆறதுக்குள்ள எழுதிடணும்னு பாதி வழியிலேயே வீட்டுக்குப் போயிட்டேன்."

"அதான் உனக்குத் தெரியலை," என்ற மைலோ நடந்ததைச் சொன்னார். ஊர்வலம் கிளம்பிய பிறகுதான் கல்லறைத் தோட்டத்துக் காவலர் போன் செய்தாராம். ராத்திரிக் காற்றில் வாசலில் இடுப்பளவு பனி குவிந்து கிடக்கிறது, சவ ஊர்தி உள்ளே வராது என்று. மைலோ காரிலிருந்தே டார்லாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஊர்வலத்தை முந்திப் போறது தப்பில்லையா மைலோன்னு அவ தயங்கினா. அக்கா கோவிச்சுக்க மாட்டா, நீ முந்திப் போம்மான்னு நான்தான் சொன்னேன். நாங்க போய்ச் சேர்ந்தப்போ குழி வரைக்கும் பாதை சுத்தமா இருந்துச்சு. அவ தொப்பியைக் கையில எடுத்துக்கிட்டு பனியில ஓரமா நின்னுட்டிருந்தா."

வெண்டெல் கட்டுரையைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"நீ வண்டிக்குப் பின்னாடி ஒட்டியிருந்ததைப் படிச்சிருக்கே, வெண்டெல். முன்னாடி மாட்டியிருந்த பனி தள்ளுற தகட்டைப் பாக்கலை."

அந்த நேரம் பார்த்து டார்லாவே காபி ஊற்ற வந்தாள். தட்டு அப்படியே இருக்கிறதே, உருளைக்கிழங்கு நான் செய்தது, நன்றாக இல்லையா என்று கேட்டாள். வெண்டெல் காதெல்லாம் சிவக்க, தட்டில் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். பிறகு கட்டுரையை இரண்டாக மடித்துக் கிழிக்கப் போனார்.

மைலோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காதே. நல்ல கட்டுரை. ஊர்வலத்தை முந்தறது மரியாதை இல்லைதானே? டார்லா வண்டிக்குப் பின்னாலயே ஒரு பச்சைக் காரும் விரட்டிக்கிட்டுப் போச்சு. அந்தக் காருக்கு நான் அனுமதி குடுக்கலை. அதைப் பத்தி எழுதேன்."

சொல்லிவிட்டு மைலோ எழுந்து பழ கேக் எடுக்கப் போய்விட்டார். அவர் தோள் குலுங்கியது அழுகையால் இல்லை.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. காரசாரமான அதே கட்டுரை. வண்டியின் நிறமும் நம்பரும் மட்டும் மாறியிருந்தன. கட்சி ஸ்டிக்கரைப் பற்றிய வரி இல்லை. கடைசியில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்திருந்தது:

'அன்று கல்லறைக்கு வழி திறந்துவிட்டவர் டார்லா. அவர் பேருந்து ஓட்டினால் என் பேரப்பிள்ளைகளை நிம்மதியாக ஏற்றி அனுப்புவேன். அவருடைய வண்டி நம்பரைக் குறிப்பதற்காக ஊர்வலத்தை முந்திய அந்தப் பச்சைக் கார், என்னுடையது.'