தெருவைப் பார்த்த ஜன்னல்

ஒரே ஒரு பட்டணமாம், அதற்கு ஒரே ஒரு கடலாம். கரையோரம் ஒரு பழைய வீடு. அதன் கூடத்தில் இரண்டே ஜன்னல்கள். கிழக்கு ஜன்னலுக்குக் கடல், மேற்கு ஜன்னலுக்குத் தெரு.

வருகிறவர்கள் எல்லாம் கிழக்கே ஓடுவார்கள். கிழக்கு ஜன்னல் சும்மா இருக்குமா? “பாய்மரக் கப்பல் வந்த நாள்ல இருந்து பார்க்கிறேன் அக்கா. இந்தப் பட்டணமே என் கண்ணெதிரதான் கரையேறிச்சு” என்று மேற்கு ஜன்னலிடம் பீற்றிக்கொள்ளும். மேற்கு ஜன்னலுக்கு வயிறு எரியும்.

வீடு வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. குடிவர ஆளில்லை என்றால் இடித்துவிடுவதாகப் பேச்சு. ஒரு மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் பார்க்க வந்தார்கள்.

“என்னங்க, கடல் வீட்டுக்குள்ளயே வந்துட்ட மாதிரி இருக்கு!” என்று கிழக்கே நின்று பூரித்தாள் அவள்.

மேற்கு ஜன்னலுக்குப் பொறுக்கவில்லை. படாரென்று சாத்திக்கொண்டது. வெளியேற வழியில்லாமல் கடற்காற்று நின்றுபோனது.

“அக்கா, திற! நீ வழிவிட்டாத்தானே எனக்குள்ள காத்து வரும்?”

“ஏன், உன் கப்பலைக் கூப்பிட்டு விசிறச் சொல்லேன்.”

புருஷன் கழுத்தைத் துடைத்தான். “கடலோரமாம்! பொட்டுக் காத்தில்ல. வா போகலாம்.”

படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் கிழக்கு ஜன்னல் மெல்லக் கேட்டது: “எனக்குத் தெரு தெரியாதே அக்கா. போயிட்டாங்களா?”

இத்தனை காலத்தில் மேற்கு ஜன்னலிடம் ஒருவரும் இப்படிக் கேட்டதே இல்லை. அது தன் பலகை இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்தது. புருஷன் தெருமுனை திரும்பிவிட்டான். அவள் மட்டும் வீட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். மேற்கு ஜன்னல் அவசரமாகக் கொக்கியை விடுவித்து அகலத் திறந்தது. கடற்காற்று குபுகுபுவென்று தெருவில் பாய்வதற்குள், அவளும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள்.