ஒரே திசை

காலையில் எழுந்து ஐவின்ட் காபியைப் பிளாஸ்கில் ஊற்றினான். ரொட்டியில் பழுப்புச் சீஸ் வைத்து மூன்று பொட்டலம் கட்டினான். மனைவியின் அண்ணன் தோர்கெய்ர் துறையில் காத்திருந்தார். மலைகளுக்கு இடையே கடல் நீண்டு புகுந்த ஃபியோர்டுக்குள் படகு கிளம்பியது.

"என்ன மாப்ளே, மறுபடியும் அதே பாறையா? நீ பாக்குற டிவி தொடர்ல வர்ற படகு தீவைச் சுத்துற மாதிரி சுத்துறியே!"

"அது தொடர்ல வர்ற தீவோட மாயம், மச்சான். ஒரே ஒரு திசைதான் வெளிய விடும். திசைகாட்டி முள்ளு இம்மி விலகினாலும் படகு தீவுக்கே திரும்பிடும்."

"இங்க மாயமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. சுக்கான் உன் கையிலதான் இருக்கு. ஆமா, கடைசில அந்தப் படகுல இருந்தவங்க தப்பிச்சாங்களா?"

"தெரியாது. கடைசிப் பகுதி பாக்கல."

"அட, ஒண்ணு விடாம பாத்தவனாச்சே நீ!"

ஐவின்ட் சுக்கானை வளைத்தான். படகு மறுபடியும் பாறைப் பக்கம் திரும்பியது.

தோர்கெய்ர் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஃபியோர்டுக்குள்ள சாம்பல் கரைக்க அனுமதி இல்ல மாப்ளே. திறந்த கடலுக்குப் போயாகணும். போ, தங்கச்சிய அனுப்பிடலாம்."

ஐவின்ட் மடியிலிருந்த கலசத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு படகை மேற்கே, திறந்த கடலை நோக்கித் திருப்பினான். அதன்பின் சுக்கானை அசைக்கவில்லை.

ஆபரேஷனுக்குப் போகும்போது மனைவி இங்வில்ட் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நான் வர்றதுக்குள்ள கடைசிப் பகுதிய பாத்துடாதே."