ஒன்பதாவது உறை

கடைசி நாற்காலியில் இன்றைக்கும் தபால் அக்கா வந்து உட்கார்ந்திருந்தார்.

அவள் கவனிக்காதது போலப் பேச்சைத் தொடர்ந்தாள். பன்னிரண்டு வருடப் பழக்கம் அது. லிஃப்ட் கண்ணாடியில், பஸ்ஸின் பின் சீட்டில், கூட்டம் நடக்கிற அறையின் ஏதாவது ஒரு மூலையில் அக்கா வந்துவிடுவார். இரண்டு முறை கண்ணை மூடித் திறந்தால் போய்விடுவார்.

எதிரில் இருக்கிற எல்லோர் கண்ணையும் பார்த்துப் பேச வேண்டும் என்பது விற்பனையின் பாலபாடம். அவளும் எல்லோரையும் பார்த்தாள், அந்த நாற்காலியைத் தவிர.

ஒரு நிறுவனத்துக்கு எத்தனை ஆள் போதும், மிச்சத்தில் யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஆலோசனை சொல்கிற கம்பெனி அவளுடையது. அந்த ஆலோசனையை விற்பது அவள் வேலை.

"லிஸ்டை நாங்களே போடணுமா மேடம்?" ஜெனரல் மேனேஜர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேண்டவே வேண்டாம் சார். எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம். உங்க பேர் எதுலயும் வராது."

இதே ஏற்பாட்டை அவள் ஒருமுறை கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறாள்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. நகல் எடுப்பது, ஃபைல் தூக்குவது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது என்று ஓர் அலுவலகத்தில் எடுபிடி வேலை. எல்லோருக்கும் அவள் சின்னப்பொண்ணு. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா படுத்த படுக்கை, அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

ஒன்பது பேரை வேலையிலிருந்து நிறுத்துவது என்று ஒருநாள் முடிவானது. ஒன்பது பிரிவுத் தலைவர்களிடமிருந்தும் ஆளுக்கொரு சீட்டு உறையில் வர வேண்டும். தட்டச்சில் ஒரு பெயர் மட்டும், கையெழுத்து கிடையாது. யார் யாரை எழுதினார்கள் என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. மேலிடத்துக்கு வேண்டியது ஒன்பது தலை, யார் தலை என்பதல்ல.

உறைகள், அங்கே தபால் பட்டுவாடா செய்துவந்த தபால் அக்கா வழியாக அவள் மேசைக்கு வந்தன. வேலைநீக்கக் கடிதங்களை அடிக்க வேண்டியது அவள்தான். ஒன்பதாவது உறை அவளும் அக்காவும் வேலை பார்த்த பொதுப் பிரிவினுடையது. பிரித்தால், உள்ளே தபால் அக்காவின் பெயர்.

அக்கா பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார். "சின்னப்பொண்ணு, அதுல என் பேர் இருக்கா?"

"இல்லக்கா."

அக்காவின் முகம் சட்டென்று வெளுத்துப்போனது. "நல்லாப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் கையிலும் கடிதம் போய்விட்டது. மறுநாள் பொதுப் பிரிவின் தலைவர் அக்காவின் காலி மேசையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அந்த மேசையில் அவளையே உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பணியாளர் பிரிவு, பிறகு ஆள் எடுக்கும் வேலை, பிறகு இந்த விற்பனை என்று மளமளவென மேலே வந்துவிட்டாள். போன இடமெல்லாம் அந்த வெளுத்த முகமும் கூடவே வந்தது. அக்கா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட மாட்டோமா என்று அவள் ஏங்காத நாளில்லை.

டீ கொண்டுவந்தவர் ஆளுக்கொரு கோப்பையாக வைத்துக்கொண்டே போனார். கடைசி நாற்காலியின் முன்னாலும் ஒன்றை வைத்தார்.

அவள் அந்தக் கோப்பையைப் பார்த்தாள். கண்ணை இரண்டு முறை மூடித் திறந்தாள். அக்கா போகவில்லை.

"லிஸ்ட்ல என் பேர் இருக்கான்னு ஒருத்தர் வந்து கேட்டா, உண்மையச் சொல்வீங்களா?" என்றார் அக்கா.

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். "எங்க ஊழியர் சங்கப் பிரதிநிதி. கேள்வி கொஞ்சம் காரமாத்தான் இருக்கும்" என்று ஜெனரல் மேனேஜர் சிரித்தார். என்ன பதில் சொன்னோம் என்று அவளுக்கே நினைவில்லை.

கூட்டம் கலைந்ததும் வராந்தாவில் ஓடிப்போய் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு உங்க பேர் இருந்துச்சு. தெரிஞ்சே இல்லன்னு சொன்னேன். உங்க இடத்துலயே போய் உக்காந்தேன். இன்னைக்கு வரைக்கும் எனக்கு நிம்மதி இல்லக்கா. என்னை மன்னிச்சிருங்க."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அடிப்பாவி, அது பொய்யா? சாயங்காலம் என் லெட்டர் என் கைக்கு வர்ற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல, தெரியுமா?"

"லெட்டர் வரணும்னா இருந்தீங்க?"

"பின்ன? நான் வெச்ச சீட்டு உன்கிட்ட வந்து சேரலையோன்னு நடுங்கிப்போயிட்டேன்."

"நீங்க வெச்ச சீட்டா? உங்க பேரை நீங்களே ஏன்க்கா..."

அக்கா தன் புடவைத் தலைப்பால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"உறையில முதல்ல வந்தது உன் பேருடி."