தையல் தெரிந்த கல்லூரி

“குளிர் ஆகாதுங்களே. மெடிக்கல் காலேஜுன்னா அந்த ரூமெல்லாம் ஜில்லுன்னு இருக்குமாமே,” என்றாள் தையற்காரரின் மனைவி. பித்தான் தைக்க வேண்டிய வெள்ளைக் கோட்டுகள் அவள் மடியில் குவிந்து கிடந்தன.

“அங்க போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் குளிராவது, வெயிலாவது,” என்றார் தையற்காரர். வெட்டும் மேசையின்மேல் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, சிறுவனைப்போல் சிரித்தார்.

உடை அணிந்து பார்க்கும் தடுப்பின் திரைக்குப் பின்னால் நின்றிருந்த மகள் காதைத் தீட்டிக்கொண்டாள். குளிர்காற்றுப் பட்டால், தாயைப் போலவே, அவளுக்கும் தும்மல் தொடங்கிவிடும். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள்.

ஊரிலிருந்த மூன்று மருத்துவக் கல்லூரிகளுக்கும் அந்தத் தம்பதியர்தாம் கோட்டு தைத்துக் கொடுத்தார்கள். கோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில், ஒரு வாரமாக மூன்றையும் உள்ளும் புறமும் அலசிக்கொண்டிருந்தார்கள்.

“மேட்டுல இருக்கிற காலேஜு எப்படி?” என்று கேட்டாள் தாய்.

“வேண்டவே வேண்டாம். பித்தான் போனா, அந்தப் பசங்க ஸ்டேப்ளர் பின் அடிச்சுக்கிட்டுத் திரியறாங்க. அவங்க கையிலயா ஒப்படைக்கிறது?”

“பழைய காலேஜு?”

“பேரு பெருசுதான். வாத்தியாரைத்தான் காணோம். பசங்க அவங்களாவே கத்துக்கிறாங்களாம். வாத்தியார் இல்லாம கத்தி எடுத்தா விளங்குமா? நம்ம கடையில துணியவே அப்படி வெட்ட விடமாட்டேன்.”

“அப்போ ஸ்டேஷன் பக்கத்துக் காலேஜு.”

“அதேதான். ஒரு பொண்ணு ரப்பர் ஷீட்டுல தையல் போட்டுப் பழகிட்டிருந்தா. ஊசி ஏறின தடமே தெரியல. அந்தக் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.”

“மார்க்கெல்லாம் கேப்பாங்களே?”

“மார்க்கா? வயசைக்கூடக் கேக்கல. பீஸ் ஒரு பைசா கிடையாது. வண்டியும் அவங்களே அனுப்புறாங்க.”

இருவரும் சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் நின்றவளுக்கோ தலை சுற்றியது. மதிப்பெண்ணும் கேட்காமல், கட்டணமும் வாங்காமல், வண்டியும் அனுப்பும் மருத்துவக் கல்லூரி எங்கே இருக்கிறது? எவனோ அப்பாவின் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்று அவள் முடிவு கட்டினாள்.

அவளுக்கு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அன்று மாலைக்குள் தந்தை நேரில் வந்து சம்மதம் சொல்லாவிட்டால், அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதைச் சொல்வதற்காகத்தான் அவள் காலையிலிருந்து வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

“நாம தச்ச கோட்டைப் போட்டுக்கிட்டு எல்லாரும் வட்டமா நிக்கிறப்ப, எப்படிங்க இருக்கும்?” என்று தாய் கண்களை மூடிக்கொண்டு கேட்டாள்.

அதற்குமேல் மகளால் பொறுக்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அப்பா, எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம்.”

மேசைமேல் ஊர்ந்துகொண்டிருந்த அளவுநாடா அப்படியே நின்றது.

“ரத்தத்தைப் பார்த்தா எனக்கு மயக்கம் வருது. பயாலஜியில நான் பாஸானதே டீச்சர் புண்ணியம். எனக்குப் படம் வரையத்தான் வரும். ஓவியக் காலேஜுல இடம் குடுத்திருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள நீங்க வந்து சரின்னு சொல்லணும், இல்லைன்னா போச்சு,” என்று மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

தந்தை மனைவியைப் பார்த்தார். மனைவி கணவரைப் பார்த்தாள். அடுத்த கணம் இருவரும் சிரித்த சிரிப்பில், மடியிலிருந்த கோட்டுகள் அத்தனையும் தரையில் சரிந்தன.

“உன்னை யாரு பாப்பா டாக்டராகச் சொன்னா? விரல்ல ஊசி குத்தினா ஊரையே கூட்டுவ. நீ அடுத்தவனுக்கு ஊசி போடுறதா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் தந்தை.

“கடை போர்டையே உங்கப்பா உன்னை நம்பித்தானே வரையச் சொன்னாரு,” என்றாள் தாய். “ஓவியமே படி. யாரு வேண்டாங்கிறது?”

“செருப்பை மாட்டு, கிளம்பலாம். போற வழியில அந்த ஸ்டேஷன் காலேஜுலயும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம்,” என்றார் தந்தை.

மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடை வாசலில் கோட்டு அணிந்து நின்றிருந்த பொம்மையைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அரைச் சுற்றில் சட்டென்று நின்றாள்.

“இருங்க. அப்போ இத்தனை நாளா மெடிக்கல் காலேஜ் பார்த்தது யாருக்கு?”

“எங்க ரெண்டு பேருக்கும்தான்,” என்றார் தந்தை, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே.

அவள் பொம்மையின் தோளில் சாய்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தாள். “நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சா? பரீட்சையில அம்மாவைப் பார்த்து நீங்க எழுதுவீங்களாக்கும். சரி, எப்பச் சேரணுமாம்?”

தாய் கடைசிப் பித்தானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கோட்டை உதறி மடித்து, மேசைமேல் வைத்தாள்.

“அவசரமில்லடி. உயிர் போன கையோட வண்டி வந்துடும்.”