மூன்று மார்க்

"குலையை வெளியில வையுங்க. அது உள்ள வந்தா நீங்க உள்ள வரண்டாம்."

போர்மேன் வேதமாணிக்கம் வாசலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். பாறசாலையிலிருந்து பஸ் ஏறி, நெய்யாற்றின்கரையில் அவர் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து, தலைச்சுமையாக ஏத்தன் வாழைக்குலையோடு வந்து நின்ற ராஜபாய், அதைப் படியோரம் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"நான் பிபினுக்க அம்மையாக்கும் சாரே."

"தெரியும். பரீட்சை முடிஞ்சா எனக்க வீட்டுக்குப் பழமும் கோழியும் அம்மைமாரும் வாறது வழக்கம். போன வருஷம் ஒருத்தி பலாச்சக்கையோட வந்தா. சக்கை பழுத்திருந்து. பயலுதான் பழுக்கல்ல."

ரயில்வே பணிமனையில் புதிதாகச் சேரும் அப்ரண்டிஸ் பையன்களை ஒரு வருடம் மேய்ப்பது வேதமாணிக்கத்தின் வேலை. வருடக் கடைசியில் பரீட்சை வைப்பார். ஆளுக்கொரு இரும்புக்கட்டியைக் கொடுத்து அரத்தால் ராவச் சொல்வார். நாலு பக்கமும் மூலைமட்டத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவே வெளிச்சம் தெரிந்தால் மார்க் போச்சு. பிபினின் கட்டியில் வெளிச்சம் என்ன, பாசஞ்சர் வண்டியே நுழைந்து போய்விடும் போலிருந்தது. வருடம் முழுக்க ஒழுங்காக வேலை செய்த பையன். பரீட்சைப் பயத்தில் கோட்டைவிட்டுவிட்டான் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

"பயலுக்குக் கெட்டு நிச்சயிச்சிருக்கு சாரே" என்று இழுத்தாள் ராஜபாய். "இன்னும் மூணு மாசம் உண்டு. ஆரியங்கோட்டுல ஈசாக்குன்னு ஒரு ரப்பர் தோட்டக்காரரு. பய ரயில்வேயில நிக்கான்னு கேட்டுத்தான் மொவளைத் தாறேன்னு சொன்னாரு."

"சரி, அதுக்கு?"

"சொல்ல நாக்கு வரமாட்டேங்குவு. சாரு எரக்கப்பட்டு..."

"எரக்கமா? இரும்புக்கு எரக்கம் தெரியாது. எனக்கும் தெரியாது." மேசைமேல் கிடந்த மார்க் தாளை விரலால் தட்டினார். "ஜெயிக்க நாப்பது வேணும். உங்க மொவன் முப்பத்தேழு. இருபத்திரண்டு வருஷமா நான் ஒருத்தனுக்கும் அரை மார்க்கு கூட்டினதில்ல."

"கர்த்தாவே!" ராஜபாய் நெஞ்சில் கை வைத்தாள். "சத்தியமாட்டா சாரே? கூட்டவே மாட்டியளா?"

"மாட்டேன்."

"யாரு வந்து கேட்டாலும்?"

"ஆண்டவரே பாசஞ்சர்ல வந்து இறங்கிக் கேட்டாலும்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கைகூப்பிவிட்டு, தோள் குலுங்கப் படியிறங்கிப் போனாள். குலையை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

"நல்ல மனுஷன்!" என்றாள் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஞானபாய். "மூணு மார்க்குல ஒரு கலியாணத்தை மொடக்கியாச்சு. நம்ம மொவளுக்க கெட்டு இப்படி ஒரு இரும்புக்கட்டியில தொங்கினா சும்மா இருப்பியளா?"

"நியாயம்னு ஒண்ணு உண்டு, கேட்டியா?"

"ஞாயித்துக்கிழமை சபையில நிண்ணு எரக்கத்தைப் பத்தித் தொண்டை கிழியப் பாடும்பம் அந்த நியாயம் எங்க போவுது?"

வேதமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளைப் பார்த்தார். ஜன்னல் வழியே, எதிர்ப்புறம் பஸ்ஸுக்காக நின்றவளையும் பார்த்தார். இன்னும் முந்தானை முகத்தில்தான் இருந்தது.

பென்சிலில் எழுதியிருந்த முப்பத்தேழை ரப்பரால் அழித்தார். பேனாவைத் திறந்து, மையால் நாற்பது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். இருபத்திரண்டு வருட வைராக்கியம் மூன்று மார்க்குக்கு விலை போயிற்று. ஆனாலும் நெஞ்சு என்னவோ லேசாகத்தான் இருந்தது.

மறுபடி மனசு மாறிவிடும் முன் வாசலுக்கு ஓடினார்.

"எம்மா! நில்லுங்க! நாப்பது ஆக்கியாச்சு! மையில எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. உங்க மொவன் ஜெயிச்சான். சந்தோஷமாப் போங்க!"

ராஜபாய் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"குடியைக் கெடுத்துட்டியளே சாரே! ஜெயிச்சவனுக்கு வருஷம் முடிஞ்சுன்னு சர்ட்டிபிகேட்டைக் குடுத்து நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிருவிய, தோத்தவனைத்தானே இன்னும் ஆறு மாசம் அங்கேயே வச்சிருப்பிய? கெட்டு முடியியது வரைக்கும் எனக்க பய ரயில்வேக்காரனாட்டு இருக்கணும், எரக்கப்பட்டு மார்க்கு கூட்டிராதீங்கன்னு கெஞ்சத்தானே நான் பஸ் ஏறி வந்தது!"