ரொம்மன் சந்தையில் ஒரு தட்டு ஓ-தாவ்

"அல்பிரட் வீட்டிலை பச்சைத் தண்ணியும் குடிக்க மாட்டன். கை நனைச்சால் சம்மதம் எண்டு ஆகிப்போடும். வாசலிலையே நிண்டு, மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வருவன்."

ரொம்மன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சற்குணம் மகள் சாருகாவிடம் மூன்றாம் தடவையாகச் சொன்னார். அல்பிரட்டின் மகன் யூலியனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று அவள் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அப்பா சம்மதிக்காமல் கட்டவும் மாட்டாள்.

கோபத்தில் காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. சீனி வருத்தக்காரர் வேறு.

"முதல் சாப்பிடுங்கோ அப்பா. அங்கை போய் மயங்கி விழுந்தால் எனக்குத்தான் வெக்கம்."

சனிக்கிழமைச் சந்தையில் தாய்லாந்துக் கடை ஒன்றின் வாங்கில் அவரை இருத்தினாள். இரும்புத் தட்டில் சிப்பியும் சேப்பங்கிழங்கும் முட்டையும் மாவோடு சேர்ந்து சீறிக்கொண்டிருந்தன. புக்கெட் தீவின் ஹொக்கியன் சீனர்கள் தெருவோரம் சுட்டு விற்கிற ஓ-தாவ் அது.

எல்லோருடைய தட்டிலும் கடைக்காரி பொரித்த பன்றித்தோலை அள்ளிப் போட்டாள். பன்றியைத் தொடாத சற்குணத்தின் தட்டில் மட்டும், யாரும் சொல்லாமலே, போடவில்லை.

"சளி மாதிரிக் கிடக்கு," என்றார் அவர். பிறகு தட்டை வழித்துத் தின்றார். ருசிதான், ஆனால் அதை வாயால் சொல்லிவிடுவாரா?

"சேர்ச்சுக்குப் போற அந்த வேதக்காரச் சனத்துக்கு என்ரை பிள்ளைதானோ கிடைச்சது? பெடியனை வளர்க்கத் தெரியாத தாய், மருமகளை நிம்மதியா வாழ விடுவாளோ?"

"மெல்லக் கதையுங்கோ அப்பா. ஆக்கள் கேட்கப்போகினம்."

"கேட்கட்டும். நல்லாக் கேட்கட்டும்." கரண்டியை எறியாத குறையாக வைத்தார். "எழும்பு. நான் இன்னும் கண்ணாலும் காணாத அந்த மனுசியின்ரை முகத்துக்கு நேரை சொல்லவேணும்."

சாருகா எழும்பவில்லை. கடைக்காரி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சற்குணத்தின் முன்னால் நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. தமிழிலேயே சொன்னாள்.

"வடிவாச் சாப்பிட்டிட்டியள். இப்பச் சொல்லுங்கோ, சம்பந்தி."