கோடு இறங்கும்வரை

குடியிருப்பின் நானூறு வீடுகளுக்கும் மணவாளனும் இன்னும் சிலரும் முறைவைத்து, வீட்டு ஒலிபெருக்கிகள் வழியாக, சின்தசைசரில் இசை வாசிக்கிறார்கள். எங்காவது மனம் கொந்தளித்தால் அந்த வீட்டின் கோடு திரையில் ஏறும். எந்த வீடென்று காட்டாது. இசையால் அந்த மனத்தை அடக்கி, கோட்டை இறக்குவதற்குத்தான் சம்பளம்.

அன்று மாலை ஒரு கோடு உச்சிக்கே போனது. சுரங்களைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் சீக்வென்சரில் சுழன்ற பதினாறு சுரங்களை, தனக்குத் தோன்றிய வரிசையில் ஒவ்வொன்றாக உருவினான். கடைசியில், தன் வழக்கப்படி, ஒற்றைச் சுரத்தை மட்டும் நீளவிட்டான். கோடு படுத்துவிட்டது. மேலதிகாரி தோளில் தட்டிக்கொடுத்தார்.

அதே குடியிருப்பிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பினால், கூடத்தில் மாமியாரின் உடல். பக்கத்தில் மனைவி சுகந்தி, ஈரமற்ற கண்களோடு.

“அந்த ஒத்தைச் சுரத்தை இழுத்தப்பவே தெரிஞ்சிருச்சு, நீங்கதான்னு,” என்றாள். “பெத்தவளுக்காக அழுதுக்கிட்டிருந்தேங்க. பாதியில நிறுத்திட்டீங்களே.”